‘எல்லாம் வாதம்தான்’ என்று மறைந்துவிடும் காயங்கள்

தெமியாங் – சோறு வெந்ததும் பானையின் வாயில் தட்டை வைத்து, கைத்துணியால் இரு பக்கமும் பிடித்து, கஞ்சி வடிக்கச் சாய்ப்பது தோட்டத்து வீடுகளில் வளர்ந்த பெண்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. விரல் மூட்டுகள் வீங்கி மணிக்கட்டு நோகும் ஒருவருக்கு, வீட்டிலேயே ஆபத்தான வேலையும் அதுதான். பானையின் கனம் முழுவதும் கட்டைவிரலிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. பாதி சாய்த்த நேரத்தில் பிடி விட்டால் கொதிகஞ்சி கொட்டுவது தொடையிலும் பாதத்திலும்தான்.

முடக்குவாதத்தோடு வாழ்பவர்களுக்கு வீட்டில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. குவாலி நழுவுகிறது. அருவாமனையில் விரல் படுகிறது. குளியலறை வாசலில் கால் வழுக்குகிறது. மற்றவர்களுக்கும் நடப்பவைதான் இவை. ஆனால் இந்த நோய் உள்ளவருக்குக் காயம் எளிதில் படுகிறது, மெதுவாக ஆறுகிறது, சீழ் பிடித்தாலும் சீக்கிரம் வெளியே தெரிவதில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொன்றும் உண்டு. அடிபட்ட வலியையும் வீட்டார் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங்கிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஏதோ ஒரு தலைமுறையில் நெகிரி செம்பிலான் தோட்டங்களோடு உறவு உண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் வாளி சுமந்த கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகள் நோகும்போது வீட்டில் சொல்லும் சொல் ஒன்றுதான்: வாதம். முழங்கால் தேய்மானமும் வாதம், யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குவதும் வாதம், ரூமத்தாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் முடக்குவாதமும் வாதம். போதாக்குறைக்கு, முடக்குவாதம் என்ற பெயரைக் கேட்டதும் கை கால் இழுத்துக்கொள்ளும் பக்கவாதம் என்று பயந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

முடக்குவாதம் உழைத்துத் தேய்ந்ததால் வருவதல்ல. கிருமியோடு போராட வேண்டிய உடலின் எதிர்ப்புச் சக்தி, திசை மாறித் தன் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குவதால் வருவது. உலகெங்கும் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இந்நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. மலேசிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளில், இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் நம் பங்கைவிடக் கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. புகைபிடிப்பது அபாயத்தைக் கூட்டுகிறது. மலேசியப் பெண்களிடையே நடந்த ஆய்வு ஒன்று துணி ஆலைத் தூசியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

இரு கைகளிலும் ஒரே மாதிரி விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்குவது, காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காமல் இறுகிக் கிடப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். காலை இறுக்கம் என்பது இங்கே முக்கியமான விஷயம். தோட்டத்து நாள் விடியுமுன் தொடங்குவது. வெட்டை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கள்கூட அதே நேரத்தில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். கை மிகவும் இறுகியிருக்கும் நேரமும் கொதிநீர், கத்தி, எண்ணெய் எல்லாம் கையில் இருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது. பசியாறையை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, அதற்குள் வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்து விரல்களை மெல்ல மடக்கி நீட்டினாலே விபத்து குறையும். மாத்திரை, மருந்து எதுவும் தேவைப்படாத வழி இது. ஆனால் வீட்டில் மற்றவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

பிடி பலவீனமாவது மட்டும் காரணமில்லை. மணிக்கட்டு வீங்கும்போது அதன் வழியே கைக்குப் போகும் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. இதைத்தான் கார்ப்பல் டனல் என்கிறார்கள். மரத்த விரலுக்குச் சூடு உறைக்காது. பாத்திரத்தைத் தொட்டது தெரியாமல், கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சுட்டது தெரியவரும். இதோடு நீரிழிவும் இருந்தால் காலிலும் இதே கதை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. முக்கிய இனங்களில் அந்த விகிதம் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். ஆகவே முடக்குவாதமும் நீரிழிவும் ஒரே உடலில் இருப்பது நம் வீடுகளில் அபூர்வமல்ல.

சுட்டுக்கொண்டால் முதலில் செய்ய வேண்டியது குழாயைத் திறப்பது. சாதாரணத் தண்ணீர் ஓடும்படி விட்டு, சுட்ட இடத்தை 20 நிமிடம் அதில் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம்; இரண்டு நிமிடத்தில் எரிச்சல் தணிந்தது என்று நிறுத்தக்கூடாது. சுட்ட உடனே செய்வது நல்லது. தாமதமானாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். பற்பசை, கிச்சாப்பு, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும், கிருமிக்கு வழிவிடும், கிளினிக்கில் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவிடாமல் மறைக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். ஏற்கெனவே வீங்கிய விரல் இன்னும் வீங்கினால் மோதிரம் விரலை நெரிக்கும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உண்மையில், கணு வீங்கத் தொடங்கிய நாளிலேயே கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சங்கிலியில் கோத்துக்கொள்வது நல்லது. கொப்புளத்தை உடைக்காமல், சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ சுத்தமான துணியையோ தளர்வாகப் போர்த்தி கிளினிக்குப் போகலாம். கையில், முகத்தில், மூட்டின் மேல் சுட்டிருந்தால் அளவு சிறிதானாலும் போக வேண்டும். மூட்டின் மேல் ஆறும் தழும்பு தோலை இழுத்துப் பிடித்தால், ஏற்கெனவே மடங்காத விரல் இன்னும் மடங்காது.

வெட்டுக்காயத்தில் சிக்கல் வேறு மாதிரி. ரத்தத்தை நிறுத்த அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அழுத்துவதற்கு விரலில் பலம் இல்லாதவர் என்ன செய்வார்? காயத்தின் மேல் மடித்த துண்டை வைத்து, அந்தக் கையை நெஞ்சோடு அணைத்து, மற்றக் கையின் முழங்கைப் பகுதியால் அழுத்திக்கொள்ளலாம். மேசையில் கையை வைத்து மேலே சாய்ந்துகொள்ளலாம். உடம்பின் கனமே அழுத்தம் தரும். பத்து நிமிடம் துண்டை எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும். நின்ற பிறகு ஓடும் நீரில் கழுவி மூடலாம். துருப்பிடித்த ஆணி, மண்வெட்டி, பாராங் பட்ட காயமென்றால் கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்பது அவசியம். பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட்டிருப்பார்கள். பாட்டிக்குக் கடைசியாக எப்போது போட்டது என்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வெட்டும் இல்லாமல் சூடும் இல்லாமல் தோல் மட்டும் உரிந்து வருவது இன்னொரு வகை. கதவு விளிம்பில் புறங்கை இடித்தால் போதும், நனைந்த காகிதம் கிழிவதுபோல் தோல் கிழிந்து தொங்கும். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குத் தோல் அவ்வளவு மெல்லியதாகிவிடுகிறது. தொங்கும் தோலைக் கிள்ளி எறியாமல், சுத்தமான ஈரத் துணியால் மெல்லத் தள்ளிப் பழைய இடத்திலேயே படியவைத்து, ஒட்டாத வகைக் கட்டுத் துணியை மேலே வைத்துச் சுற்ற வேண்டும். கடையில் வாங்கும் ஒட்டுப் பிளாஸ்திரியை நேரே ஒட்டினால், மறுநாள் அதை உரிக்கும்போது பக்கத்துத் தோலும் கூடவே வந்துவிடும்.

தோலைக் காப்பதை முடக்குவாத நோயாளி ஒருவர் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சாட்சி உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஒகுஸ்த் ரெனுவாருக்கு 1892 வாக்கில், ஐம்பது வயதை ஒட்டி இந்நோய் தொடங்கியது. 1897இல் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. அதன் பிறகு நோய் இன்னும் மோசமானது. கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருந்தபடி வரைந்தார். 1915இல் எடுத்த ஒரு சலனப்படத்தில் அவருடைய கைகளில் துணி சுற்றியிருப்பது தெரிகிறது. விரல் பிடிக்காததால் தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டினார்கள் என்று ஒரு கதை உலகெங்கும் பரவிவிட்டது. அது சரியல்ல. உள்ளங்கைக்குள் மடங்கிப்போன விரல்கள் தோலில் உரசிப் புண்ணாக்காமல் இருக்கத்தான் அந்தத் துணி. தூரிகையை உதவியாளர் எடுத்துக் கையில் வைப்பார், அவர் பிடித்துக்கொள்வார். பெரிய படங்களுக்கு, கை எட்டும் இடத்துக்குத் துணிப் பலகை உருண்டு வரும்படி ஓர் அமைப்பும் செய்துகொண்டார். 1919இல் 78ஆம் வயதில் இறக்கும்வரை அவர் வரைவதை விடவில்லை. அவர் காலத்தில் இந்நோய்க்குச் சரியான மருந்தே கிடையாது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் பெரிய மருந்து 1948இல் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், படுக்கையிலிருந்து எழ முடியாத முடக்குவாத நோயாளிக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது: எலும்பு பொத்தலாகிறது, தோல் மெலிகிறது, சர்க்கரை ஏறுகிறது, கிருமித் தொற்று எளிதாகிறது, காயம் ஆறத் தாமதமாகிறது. அதனால்தான் இன்று மருத்துவர்கள் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், கூடுமானவரை குறைந்த காலத்துக்குத் தந்து, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை முதன்மையாகக் கொடுக்கிறார்கள்.

பிரச்சனை, மருத்துவர் கொடுக்காத ஸ்டீராய்டு. உடம்பு வலிக்கு என்று கடையிலும் சந்தையிலும் தெரிந்தவர் மூலமாகவும் கிடைக்கும் ஜாமு மாத்திரைகள், மூலிகைப் பொடிகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும். முகம் உப்பும். ‘சதை போட்டிருக்கிறாள், மருந்து ஒத்துக்கொண்டது’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துக் காலில் பட்ட சிராய்ப்பு ஆறாமல் புண்ணாகும்போது அந்தப் பொடியை யாரும் சந்தேகிப்பதில்லை. கிளினிக்கில் காயத்தைக் காட்டும்போது அந்தப் பாக்கெட்டையும் கொண்டுபோய்க் காட்டுவது திட்டு வாங்குவதற்காக அல்ல. நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதால் மருத்துவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களும் காயத்தோடு போகும்போது அதைச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மருந்து என்பதால் ‘தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டால் பலர் வாயில் அது வருவதேயில்லை. புண்ணுக்குத் தரப்படும் கிருமி எதிர்ப்பு மாத்திரைகளில் கோ-ட்ரைமாக்சசோல் என்று ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்சேட்டோடு அது சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். தொற்று பெரிதாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டைச் சில நாள் நிறுத்திவைக்கவும் மருத்துவர் சொல்லலாம். அந்த முடிவு அவருடையது.

விழுந்த பிறகு

பழைய தோட்டத்து வீடுகளில் குளியலறை பின்கட்டில், ஒரு படி இறக்கத்தில், எப்போதும் ஈரமான சிமெண்டுத் தரையோடு இருக்கும். தாமான் வீடுகளில் சிமெண்டுக்குப் பதில் வழவழப்பான ஓடு. வித்தியாசம் அவ்வளவுதான். முழங்காலும் பாதமும் நோகிறவர் கால் மாற்றி வைக்கத் தாமதமாவதால் சறுக்கினால் சமாளித்து நிற்க முடிவதில்லை. கையை ஊன்றி விழுகிறார். எலும்பு ஏற்கெனவே பலவீனம்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம் நடக்கிறது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அது நேற்றும் வீங்கித்தான் இருந்தது. வலிக்கிறது, அது தினமும் வலிப்பதுதான். தைலம் தேய்த்து, வலி மாத்திரை ஒன்று போட்டுப் படுக்கவைத்துவிடுகிறார்கள். முறிந்த எலும்பு கோணலாகச் சேர்ந்த பிறகு, ஒரு மாதம் கழித்து நடக்கும் வழக்கமான பரிசோதனையில்தான் அது தெரியவருகிறது.

நோயின் வலியையும் அடிபட்ட வலியையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். நோய் கிளம்பும்போது பெரும்பாலும் பல மூட்டுகள், இரு பக்கமும் நோகும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ படிப்படியாக ஏறும். காலையில் மோசம், போகப் போகத் தணியும். அடிபட்ட வலிக்குத் தொடங்கிய நிமிடத்தைச் சொல்ல முடியும். ஓரிடத்தில் விரல் வைத்தால் துடிக்கும். தோல் கறுக்கும், வடிவம் மாறும், நேற்றுவரை ஊன்ற முடிந்த காலை இன்று ஊன்ற முடியாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேக்கு முன்னால் எண்ணெய் போட்டு நீவி இழுப்பது கூடாது.

வலியே இல்லாமல் நடக்கும் சேதமும் உண்டு. திடீரென்று சுண்டுவிரலோ மோதிர விரலோ தொங்கிவிடும், தூக்க முடியாது. மணிக்கட்டில் தேய்ந்துபோன எலும்பு முனையில் உரசி உரசி நரம்பு போன்ற தசைநார் அறுந்துபோவதால் இது நேர்கிறது. வலிக்கவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு விரலில் தொடங்குவது அடுத்த விரலுக்கும் பரவக்கூடும் என்பதால் சீக்கிரம் காட்ட வேண்டியது இது.

மூன்றாவது வகை வலியைத் தவறவிட்டால் மூட்டே போய்விடும், சில வேளை உயிரும் போகும். பல மூட்டுகள் அமைதியாக இருக்க, ஒரே ஒரு மூட்டு மட்டும் வழக்கத்துக்கு மாறாக வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதித்து, அசைக்கவே முடியாமல் போனால் அது மூட்டுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். ஒரு வாரத்துக்கு முன் பட்ட சின்னக் காயம், காலில் முள் குத்தியது, நகக்கண்ணில் வந்த சீழ், எதிலிருந்தும் அது போகலாம். காய்ச்சல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும். இதற்கு அடுத்த மாத அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தெமியாங் பக்கத்தவர்களுக்குச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை கொஞ்ச தூரம்தான். முடக்குவாதத்துக்கான நிபுணத்துவப் பிரிவும் அங்கேயே இருக்கிறது. ஜெலுபு பக்கத்திலிருந்தோ உள்தோட்டத்திலிருந்தோ வருபவர்களுக்கு வண்டி யார் ஓட்டுவது என்பதே முதல் கேள்வி. மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழைக்கலாம்.

விழுந்தவருக்குக் கழுத்து வலித்தாலோ, இரு கைகளும் மரத்தாலோ, தலையைக் குனிந்தால் முதுகுத் தண்டில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலோ எழுப்பி உட்காரவைக்காமல், கிடந்தபடியே வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நெடுநாள் முடக்குவாதம் கழுத்தின் மேல் இரு எலும்புகளைப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்திவிடுவதுண்டு. ‘இவருக்கு முடக்குவாதம், கழுத்தைப் பார்த்துப் பிடியுங்கள்’ என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்ல வேண்டும். முடிதிருத்தும் கடையில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துக் கழுத்தைச் சொடுக்கிவிடும் பழக்கத்துக்கும் இதே காரணத்தால் இந்நோயுள்ள ஆண்கள் முழுக்குப் போட வேண்டும். அந்தச் சொடுக்கின் சுகம் பலருக்குப் பிரியமானதுதான். இருந்தாலும் நாற்காலியில் உட்காரும்போதே ‘கழுத்து வேண்டாம், அண்ணே’ என்று சொல்லிவிடுவது நல்லது.

சமையல்கட்டு யாருடையது?

காயங்களை வீட்டார் கவனிக்காதது ஒரு பக்கம். காயப்பட்டவரே மறைப்பது மறுபக்கம். கையில் பட்ட சூட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும் அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காரணம் புரியாததல்ல. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அடுத்த வார்த்தை ‘இனிமேல் அடுப்புப் பக்கமே போகாதீங்க’ என்பதாக இருக்கும். நாற்பது வருடம் ஆண்ட இடத்தை ஒரு கொப்புளத்துக்காக விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளின் கோபத்தில் அன்பு இருக்கிறது, ஆனால் பலன் இல்லை. கையை அடியோடு ஓய்வில் வைத்தால் மூட்டு இன்னும் இறுகும், தசை மெலியும், பிடி இன்னும் குறையும். அதற்கும் மேலாக, திட்டு விழும் என்று தெரிந்த வீட்டில் அடுத்த காயமும் மறைக்கப்படும். மூன்று நாள் மறைத்த சீழ்க் காயம் முதல் நாள் காட்டிய காயம்போல் இருக்காது.

அம்மாவைச் சமையல்கட்டிலிருந்து எடுப்பதைவிட, சமையல்கட்டிலிருந்து கனத்தை எடுப்பதுதான் வழி. மின்சாரச் சோற்றுப் பானை இருந்தால் கஞ்சி வடிக்கும் வேலையே இல்லை. வடித்த சோறுதான் வேண்டும் என்றால், பானையைச் சாய்க்காமல் கண் வைத்த பெரிய கரண்டியால் சோற்றை அள்ளி எடுக்கலாம். ஒரு கைப்பிடி உள்ள கனத்த குவாலிக்குப் பதில் இரு காது உள்ள இலேசான சட்டி. அடுப்பும் கழுவும் தொட்டியும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாத்திரத்தைத் தூக்காமல் ஈரத் துணியின் மேல் வைத்து நகர்த்தலாம். தட்டையோ குடத்தையோ விரல் நுனியில் தொங்கவிடாமல் இரு உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கத்தி, அகப்பை, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றினால் பிடி பருமனாகும், வழுக்காது. பருத்த பிடியைப் பிடிக்க விரலை இறுக மடக்க வேண்டியதில்லை. மொன்னைக் கத்தியைவிடக் கூர்மையான கத்தி இவர்களுக்குப் பாதுகாப்பு, ஏனென்றால் அமுக்க வேண்டியதில்லை, அமுக்கும்போதுதான் வழுக்குகிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முறுக்கு உழக்கைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே பிடித்து இரு கையாலும் பிழிவது, முடக்குவாதக் கைக்குச் சொல்லி வைத்த விபத்து. மாவு பதம் பார்ப்பதும், உப்பு உறைப்பு சொல்வதும், எண்ணெய் காய்ந்ததா என்று பார்ப்பதும் பாட்டியிடமே இருக்கட்டும். பிழிவது பேரன் கையில் இருக்கட்டும். அதையும் எண்ணெய்க்கு மேல் பிழியாமல் வாழையிலையிலோ தட்டிலோ பிழிந்து வைத்துப் பிறகு எடுத்துப் போடலாம்.

அரசாங்க மருத்துவமனைகளில் ‘பெமுலிஹான் சாராகெர்ஜா’ என்று பலகை மாட்டிய பகுதி ஒன்று இருக்கும். பலர் அதைத் தாண்டி மருந்தகத்துக்குப் போயிருப்பார்களே தவிர உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள். மணிக்கட்டுக்கு அளவெடுத்துத் தாங்குபட்டை செய்து தருவதும், எந்தப் பாத்திரத்தை எப்படித் தூக்குவது என்று கற்றுத்தருவதும் அங்கேதான். மருத்துவரிடம் கேட்டால் அனுப்புவார். கேட்காவிட்டால் நோயாளிகள் நிறைந்த ஒரு காலைப் பொழுதில் அவருக்கும் நினைவு வராமல் போகலாம். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி, நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளி என்ற கட்டணத்தில் குடிமக்களுக்குக் கிடைக்கும் சேவைகளில், நம்மவர்கள் குறைவாகவே கேட்டு வாங்குவது இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் முதலுதவிப் பெட்டி இருந்தாலும் அதை அந்தக் கை திறக்க முடிகிறதா என்று பார்த்தீர்களா? அமுக்கித் திருகும் மூடி, பல்லால் கிழிக்க வேண்டிய பாக்கெட், முனை தெரியாத டேப் எல்லாம் தனியாக இருக்கும் நேரத்தில் பயன்படாது. மூடியில்லாத கூடையில், முன்கூட்டியே வெட்டி வைத்த கட்டுத் துணி, முனையை மடித்து வைத்த டேப், சுத்தமான துண்டு ஆகியவை போதும். அதே கூடையில் ஒரு தாளும் இருக்க வேண்டும்: நோயின் பெயர், மருந்துகளும் அளவும், மெத்தோட்ரெக்சேட் எந்தக் கிழமை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது, யாரை அழைப்பது. கிளினிக்கில் அதைக் காட்டுவதற்குப் பேரப்பிள்ளை போதும்.

பணத்தைப் பற்றியும் ஒரு செய்தி. வீட்டு வேலையில் படும் காயம் வேலைக்காயம் இல்லை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2022 டிசம்பர் 1ஆம் தேதி முதல், சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ, குடும்பத் தலைவிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்திவருகிறது. ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. கணவர் கட்டலாம், தாமே கட்டிக்கொள்ளலாம். வீட்டைப் பராமரிக்கும் வேலையின்போது நேரும் விபத்துக்கும், நோயால் இயலாமை ஏற்படுவதற்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் சந்தா விபத்துக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும், சேரும்போது வயது 55ஐ எட்டியிருக்கக் கூடாது. வீட்டில் கை நோகும் பாட்டிகளில் பெரும்பாலோர் அந்த வயதைத் தாண்டியவர்கள் என்பது திட்டத்தை வகுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நாற்பதுகளில் இருக்கும் மருமகளுக்கும் மகளுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. சிரம்பானில் உள்ள பெர்கேசோ அலுவலகத்தில் அடையாள அட்டையுடன் சென்று விவரம் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.